மொசாம்பிக் கொட்டையும் நம் ஊர் அண்டி ஆபீசும்

(நாகர்கோவிலில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வர்த்தகச் சீர்திருத்தம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அண்டிக்கொட்டையிலிருந்து, அதாவது முந்திரிக்கொட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

என் சித்தி பல வருடம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி உடைக்கும் ஆலைக்குப் போனார். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல்நுனி எப்போதும் கறுத்திருக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார். பருப்பு முழுசாக வந்தால் ஒரு விலை, பிளந்தால் வேறு விலை என்பதால் கை அவ்வளவு பதமாக இறங்கும். அந்தக் கொட்டையில் பாதிக்கு மேல் நம் தோப்பில் விளைந்ததில்லை, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது.

1970களின் தொடக்கத்தில் முந்திரியில் உலகின் முன்னணி நாடு, ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக். ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது. 1975இல் விடுதலை பெற்ற பிறகு அந்த அரசு, கொட்டையைத் தோட்டோடு வெளியே விற்கத் தடை போட்டது. உள்ளூரிலேயே உடைத்தால் வேலை கிடைக்கும் அல்லவா? ஆனால் 1992 வரை உள்நாட்டுப் போர். மரங்களைப் பார்க்க ஆளில்லை, ஆலைகள் நொடித்தன, விவசாயிக்குக் கிடைத்த விலையும் அடிமாட்டு விலை.

தொண்ணூறுகளில் தடை நீங்கியது; கொட்டையை உள்ளூரிலேயே நிறுத்த, அதற்குப் பதிலாக ஏற்றுமதி வரி இருந்தது. அப்புறம் 1995இல், கடன் வேண்டுமானால் ஏற்றுமதி வரியைக் குறைக்க வேண்டும் என்றது உலக வங்கி. வரி 14 சதவீதம் வரை இறங்கியது. வங்கி சொன்ன காரணத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆலையைக் காப்பாற்ற ஏழை விவசாயியின் வயிற்றில் அடிக்கக் கூடாது என்றார்கள். சரியான பேச்சு. வரி குறைந்தால் வெளிநாட்டு விலை விவசாயி கைக்கு வரும் என்று நம்பினார்கள்.

வந்ததா? அதைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். நாலைந்து மரம் வைத்திருப்பவர் மூட்டையைத் தலையில் சுமந்து துறைமுகத்துக்குப் போக முடியாது. ஊர்க்கடைக்காரர் வாங்குவார், அவரிடமிருந்து பெரிய வியாபாரி, அவரிடமிருந்து ஏற்றுமதியாளர். விலை ஏறியதில் ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்டார்கள். டானி ராட்ரிக் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சராசரி முந்திரி விவசாயக் குடும்பத்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஆண்டுக்கு 5 டாலர் 30 சென்ட்டைத் தாண்டாது.

இன்னொரு பக்கம், ஆலைகளில் சுமார் பத்தாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 2001க்குள் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வேறு தொழிலுக்கு மாறிக்கொள்வார்கள் என்று சொல்வது காகிதத்தில் சுலபம். போரிலிருந்து அப்போதுதான் எழுந்த நாட்டில் அந்த வேறு தொழில் எங்கே இருந்தது?

அந்தக் கொட்டை ஏறக்குறைய முழுவதும் வந்து இறங்கியது இந்தியாவில். அங்கே ஆலைக் கதவு சாத்தியபோது இங்கே உடைக்கக் கொட்டை இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. என் சித்தியின் மடியில் விழுந்த கூலியில் எவ்வளவு அங்கே வேலை இழந்தவர்களுடையதோ!

மொசாம்பிக் நாடாளுமன்றம் 1999இல் வரியை மறுபடி 18 முதல் 22 சதவீதமாக உயர்த்திச் சட்டம் போட்டது. பிறகு நம்பூலா பகுதியில் சின்னச் சின்ன ஆலைகள் எழுந்தன, நம் ஊர் மாதிரியே கையால் இயக்கும் வெட்டுக்கருவிகளோடு. பழைய பெரிய இயந்திர ஆலைகளில் பருப்பு நொறுங்கும். இதில் முழுசாக வந்தது. வரியால் ஆலைக்குக் குடைபிடித்தால் மட்டும் போதாது, தொழிலும் திருந்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நமக்கும் முறை வந்தது. 2016 பட்ஜெட்டில் வெளிநாட்டுக் கொட்டைக்கு 5 சதவீதச் சுங்கம் விதித்தார்கள். வியட்நாம் இயந்திரத்தில் உடைத்து மலிவாக விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. கொல்லத்தில் ஆலை ஆலையாக மூடியது. 2018இல் சுங்கத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். அதற்குள் எத்தனை பெண்கள் டிபன் பாத்திரத்தோடு போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்களோ.