கறுப்பு முகம் தெரியாத கேமரா, சாக்லேட்டுக்காகக் கண் திறந்த கதை

வணக்கம் மக்களே! கேமராவுக்கு நிறவெறி இருக்குமா? சிரிக்காதீர்கள், முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

(திரையில்: பழைய கல்யாண ஆல்பம், பக்கம் புரள்கிறது)

இது எங்கள் அத்தை கல்யாணம், 1988. ஓரத்தில் நிற்பவர் பெரியப்பா. சட்டை தும்பைப்பூ மாதிரி பளிச்சென்று இருக்கிறது. சட்டைக்கு மேலே? விபூதிப் பட்டை, பல், அவ்வளவுதான். “கொஞ்சம் பவுடர் போட்டுக்குங்க சார்” என்று போட்டோக்காரர் அன்றைக்கே சொன்னாராம். குறை பெரியப்பாவின் முகத்தில்தான் என்று நாங்களும் பல வருடம் சிரித்தோம். அந்த ஃபிலிம் எந்தக் கம்பெனி, எந்த லேபில் கழுவினார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அதனால் யார்மேலும் பழி போடவில்லை. ஆனால் அந்தப் படத்தை வைத்துத் தேடப் போய்த்தான் இந்தக் கதை மாட்டியது.

ஃபிலிம் வேதியியலை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: ஃபிலிம்மேல் படத்தைப் பதிகிற ரசாயனப் பூச்சு ஒன்று இருக்கும்; எந்த நிறம் எவ்வளவு நன்றாகப் பதிய வேண்டும் என்பதை, அந்தப் பூச்சைத் தயாரிக்கிறவர்தான் முடிவு செய்கிறார். சரி, தாண்டுவோம்.

1950களில் அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, கலர் லேப்களுக்கு, பிரிண்டில் நிறம் சரியாக விழுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அட்டை அனுப்ப ஆரம்பித்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் வந்தவர் பெயர் ஷெர்லி. பிறகு எத்தனையோ பெண்கள் மாறினார்கள், ஆனாலும் அட்டைக்கு ‘ஷெர்லி கார்டு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பிரிண்டில் ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் போடும் மெஷின் சரி. இதில் ஒரு கூத்து, சில அட்டைகளில் ‘நார்மல்’ என்றே அச்சடித்திருப்பார்கள்!

ஒரே ஒரு ஆளுக்கு அளவெடுத்து ஊருக்கே சட்டை தைக்கிற டெய்லரை யோசித்துப் பாருங்கள். அக்குளில் பிடிக்கிறது என்று போய் நின்றால், “சட்டையெல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்க உடம்புவாகுதான் கோளாறு” என்கிறார். பெரியப்பாவுக்குப் பவுடர் போடச் சொன்னது ஞாபகம் வருகிறதா?

1954இல், பொதுப் பள்ளிகளில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரூப் போட்டோவில் நிற்கத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை பளிச். பக்கத்துப் பிள்ளைக்குக் கண்ணும் பல்லும் மட்டும். அம்மாக்கள் புகார் சொன்னார்கள். ஃபிலிம் மாறவில்லை.

அப்புறம் யார் சொல்லி மாறியது தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரர்கள்!

“எங்கள் விளம்பரப் படத்தில் மில்க் சாக்லேட் எது, டார்க் சாக்லேட் எது என்றே தெரியவில்லை.” இதுதான் அவர்களின் புகார். மரச்சாமான் கம்பெனிகளுக்கும் இதே குறைதான்: அடர்நிற மரத்தில் ரேகையே விழவில்லை, வாங்குகிறவன் எதைப் பார்த்து வாங்குவான்? காசு கொடுக்கிற பெரிய வாடிக்கையாளர்கள் ஆயிற்றே, கோடாக் உடனே வேலையில் இறங்கியது. அங்கே ஆராய்ச்சி ஸ்டூடியோவில் பொறுப்பில் இருந்த ஏர்ல் கேஜ் இதைப் பின்னாளில் கனடா ஆய்வாளர் லோர்னா ராத்திடம் சொல்லியிருக்கிறார். விதவிதமாகச் சாக்லேட்டை வைத்துப் படம் எடுப்பார்களாம். எடுத்து முடித்ததும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடுவார்களாம். அதில் டிபார்ட்மென்ட் மொத்தமும் குண்டாகிவிட்டதாம்!

எனக்கு இந்த இடத்தில் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. வேதியியல் கைகொடுக்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை பாருங்கள். சாக்லேட்டுக்கு முடிந்திருக்கிறதே!

இன்னொன்று கேளுங்கள். பிறகு வந்த ஒரு கோடாக் ஃபிலிமை எப்படிப் பெருமையாகச் சொன்னார்கள் தெரியுமா? மங்கிய வெளிச்சத்தில் நிற்கிற கருங்குதிரையைக்கூடத் துல்லியமாகப் பிடிக்குமாம். குதிரை! மனிதர் என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் கார்டு 1990களில்தான் வந்தது.

எடுத்த உடனே படம் கையில் வரும் போலராய்டு கேமராவை வைத்து, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டிய ‘பாஸ் புத்தகம்’ என்ற அடையாள ஆவணத்துக்குப் படம் எடுத்தார்கள், அதை எதிர்த்து 1970இல் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள் கரோலின் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் போராடினார்கள். அதற்குத் தனி வீடியோவே போட வேண்டும்.

“இதெல்லாம் ஃபிலிம் காலத்துக் கதை” என்கிறீர்களா? 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்கள் விஷயத்தில் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை!

இந்த இடத்தில் லைக் கேட்கச் சொல்லி எடிட்டர் கண்ணைக் காட்டுகிறார். போட்டுவிடுங்கள், பாவம். உங்கள் வீட்டு ஆல்பத்திலும் முகம் விழாத சொந்தக்காரர் யார் என்று கமென்டில் சொல்லுங்கள்.

(திரையில்: மொபைலில் எடுத்த படம்)

போன பொங்கலுக்குப் பெரியப்பாவை என் புது மொபைலில் எடுத்தேன். மூக்கு, மீசை, கன்னத்து மரு எல்லாம் விழுந்திருந்தது. ஆனால் மொபைல் தானாகவே முகத்தை மழமழவென்று வெளுத்துவிட்டிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது யாருடா?”