கதையின் இரண்டாம் படி

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாகச் சிறுகதை எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்கான பேச்சு இது. கதை எழுதுவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் படியை எழுதி முடித்த பிறகு அதை என்ன செய்வது என்றுதான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை. பலர் எழுதிய சூட்டோடு இதழுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல கதைகூட அதனால் கெட்டுப்போகிறது.

முடித்ததும் பத்து நாளாவது அதைத் தொடாதீர்கள். உடனே படித்தால், மனதில் இருக்கும் கதையைத்தான் படிப்போம். தாளில் விட்டுப்போனது கண்ணில் படாது. பிறகு அச்செடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மூச்சு வாங்கும் வாக்கியத்தில் ஒரு கோடு. உங்களுக்கே அலுப்புத் தட்டினால் ஓரத்தில் ஒரு சுழி. நடுவில் நின்று திருத்த வேண்டாம், கடைசிவரை போய்விடுங்கள்.

பெரும்பாலும் முதல் பக்கத்தில்தான் சுழிகள் அதிகம் விழும். புதிதாக எழுதுகிறவர்களுக்குக் கதாநாயகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பல் துலக்க வைத்து, காபி கொடுத்து, பஸ் ஏற்றினால்தான் மனசு ஆறும்! ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். தங்கை அடகு வைத்துவிட்ட சங்கிலியைக் கேட்டு அண்ணன் வருகிறான். அவன் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கதை தொடங்கட்டும். பஸ்ஸில் அவன் நினைத்துப் பார்த்த பழைய கதையெல்லாம் வெட்டுங்கள். அதில் மிக அவசியமான இரண்டு வரி இருந்தால், பின்னால் பேச்சுக்கிடையே தானாக இடம் கிடைக்கும். 2000 சொல்லில் எழுதியது 1500 ஆகக் குறைந்தால் பதற வேண்டாம்.

அடுத்தது உரையாடல். ‘தங்கையே, நான் கொடுத்த சங்கிலியை நீ ஏன் அடகு வைத்தாய்?’ என்று எந்த அண்ணனும் கேட்கமாட்டான். ‘சங்கிலி எங்க?’ என்பான். சங்கிலி யார் கொடுத்தது என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். வாசகருக்குச் சொல்ல வேண்டுமென்றால் வேறு வழி தேடுங்கள். ‘கோபத்துடன் கேட்டான்’ என்பதும் வேண்டாம். அவள் நீட்டிய மோரை வாங்கி, குடிக்காமல் திண்ணையில் வைத்தான் என்றால் போதும்.

வட்டார வழக்கில் எழுதுபவர்கள் இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வரிக்கு வரி ‘ஏலே’ போட்டால் திருநெல்வேலி வந்துவிடாது. ‘சொன்னாவ’, ‘வந்தாவ’ என்று வினைமுற்று எப்படி முடிகிறது என்பதில்தான் ஊர் தெரியும். உங்கள் காதில் விழுந்து பழகாத வழக்கைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள், அந்த ஊர்க்காரர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். இன்னொன்று, ஒரு பாத்திரம் ஓரிடத்தில் ‘போயிட்டேன்’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘போய்ட்டேன்’ என்றும் பேசக்கூடாது. ஒன்றை முடிவு செய்து கடைசிவரை காப்பாற்றுங்கள்.

எழுத்துப்பிழைகளைக் கடைசியாகப் பார்த்தால் போதும். முதலிலேயே ஒற்றுப் போட்டு அழகாக்கிய பத்தியை வெட்ட மனசு வராது, அதுதான் காரணம். ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ என்ற இரண்டும் நிறையக் கண்ணில் படுகின்றன. ற் வந்த பிறகு இன்னொரு புள்ளி எழுத்து வராது என்று நினைவில் வைத்தால் இவை இரண்டும் ஒழிந்தன. கைப்பேசியில் குரல் வழியே தட்டச்சு செய்பவர்கள் ல, ள, ழ மூன்றையும் தனியாக ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அனுப்பும்போது யூனிகோடில், திருத்தக்கூடிய வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பி.டி.எஃப்.பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், அதை உட்கார்ந்து சரிசெய்ய எந்த அலுவலகத்திலும் ஆள் இருக்காது. எத்தனை சொல் என்று அந்த இதழின் அறிவிப்பைப் பாருங்கள். கதை உங்கள் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவரவில்லை என்று ஒரு வரி, பெயர், முகவரி, தொலைபேசி எண். இவ்வளவு போதும்; கதைச்சுருக்கமும் வாழ்க்கை வரலாறும் வேண்டாம். முகநூலில் போட்ட கதையை வெளிவந்ததாகவே பல இதழ்கள் கருதும். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். மூன்று மாதம் பதிலில்லை என்றால், திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். பதில் வராததற்குப் பக்கம் இல்லை, அதே மாதிரிக் கதை கையில் இருக்கிறது என்று எத்தனையோ காரணம் இருக்கும். அந்த மூன்று மாதத்தில் அடுத்த கதையின் முதல் படி முடிந்திருக்கட்டும்.

தொகுப்பு போடும் நாள் வந்தால் இரண்டு விஷயம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம். அதற்கென்று யாராவது தனியே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கதை எழுதியவுடனே அதன் பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டும் அது நீடிக்கும். பதிப்பகத்துக்கு உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாமல் விட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அது 5 ஆண்டு என்று கொள்ளப்படும். ஆனால் ‘நிரந்தரமாக’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு எத்தனை ஆண்டு என்று எண்ணால் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.

வணக்கம்.