மடக்குக் கத்தி: காரைக்குடிக் கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா?

வணக்கம். தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். “அண்ணே, வீட்டுக் கொல்லையில் நாலைந்து மாமரமும் கொஞ்சம் வாழையும் இருக்கின்றன. சட்டைப் பையில் போட்டுக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேண்டும். காரைக்குடியில் ஒரு கடையில் 180 ரூபாய் சொன்னார்கள். இணையத்தில் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்று 650 ரூபாய்க்கு இருக்கிறது, ‘440 ஸ்டீல்’ என்று போட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம்? பையில் வைத்திருந்தால் போலீஸ் தொந்தரவு வருமா?”

போலீஸ் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கத்தி.

காரைக்குடியில் கல்லுக்கட்டியிலோ செக்காலையிலோ இரும்புக் கடையில் தொங்குகிற மடக்குக் கத்தியைப் பலரும் உள்ளூர்ச் சரக்கு என்று நினைக்கிறார்கள். கடைதான் உள்ளூர், கத்தி வெளியூர். நம் மாவட்டத்தில் கத்திக்குப் பேர் போன ஊர் திருப்பாச்சேத்தி. அங்கே உலை வைத்து அடிப்பது அரிவாள், அதுவும் பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி எடுத்து அடித்தது. அந்த இரும்பு நல்ல இரும்பு, அந்தக் கைவேலையும் நல்ல வேலை. ஆனால் மடக்குக் கத்தி அங்கிருந்து வருவதில்லை. அது மொத்த வியாபாரிகளிடமிருந்து அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகிறது. நீங்கள் இணையத்தில் பார்த்ததும் அதே பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆகவே உள்ளூர்க் கடைக்காரரை ஆதரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் தாராளமாக ஆதரியுங்கள், நானும் அந்தக் கட்சிதான். அதற்காகத் தரம் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

அப்படியானால் கடைக்கு ஏன் போக வேண்டும்? ஒரே காரணம், கையில் எடுத்துப் பார்க்கலாம். மடக்குக் கத்தி கெட்டுப்போவது பெரும்பாலும் அலகில் இல்லை, மூட்டில். அலகு மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், மூட்டு ஆட ஆரம்பித்தால் அந்தக் கத்தியை மறந்துவிட வேண்டியதுதான். மூட்டு எப்படி இருக்கிறது என்பது புகைப்படத்தில் தெரியவே தெரியாது.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். கத்தியை முழுதாகத் திறந்துவிட்டு, பிடியை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கை விரலால் அலகின் முதுகைப் பிடித்து, கூர்ப்பக்கம் விரல் படாமல், இடமும் வலமுமாக அசையுங்கள். பார்த்தீர்களா, இந்தக் கத்தி ‘டிக் டிக்’ என்று ஆடுகிறது. கடையிலேயே ஆடுகிற கத்தி, மாங்கொம்பு ரெண்டு சீவுவதற்குள் தளர்ந்துவிடும். இப்போது இன்னொன்றைக் காட்டுகிறேன். இது அசையவில்லை. மேலே பிடித்து டியூப்லைட்டை நோக்கிப் பாருங்கள், பிடியின் முதுகில் இருக்கிற ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் கசியவில்லை. மடக்கும்போது பாதியில் ஒரு நிறுத்தம், பிறகு ‘டக்’ என்று ஒரே சத்தத்தில் உள்ளே போய் உட்காருகிறது. மடக்கிய பிறகு விரலை மேலே ஓட்டிப் பாருங்கள், நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் வேட்டி மடிப்பில் வைத்தாலும் கிழியும், தொடையில் வைத்தாலும் கிழியும்.

லாக், அதாவது திறந்த அலகு தானாக மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு, உள்ள கத்தியாக இருந்தால் இன்னொரு சோதனை. திறந்து பூட்டியபின், விரல்கள் எதுவும் அலகு மடங்கும் வழியில் இல்லாதபடி பிடித்து, அலகின் முதுகை உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். லாக் வழுக்கினால் அந்தக் கத்தியை மேஜையில் வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். லாக் இல்லாத கத்தியைக்கூட நம்பலாம், ஏனென்றால் அது மடங்கும் என்று தெரிந்தே பிடிப்போம். பொய் லாக் உள்ளதுதான் விரலைப் பதம் பார்க்கும்.

அலகின் கூர்மையைப் பார்ப்பதும் எளிது. விளக்குக்கு நேரே கூர்ப்பக்கத்தைத் திருப்பிப் பிடியுங்கள். நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது. எங்கே வெள்ளைக் கோடாக மினுக்குகிறதோ அங்கே மொக்கை.

காந்தச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. எவர்சில்வர் வாங்கும்போது நம் ஆச்சிமார் காந்தம் ஒட்டாததாகப் பார்த்து எடுப்பார்கள். பாத்திரத்துக்கு அது சரி. 304 என்கிற நல்ல பாத்திர ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருப்பதால் காந்தம் அநேகமாக ஒட்டாது. அதே பழக்கத்தில் கத்தியையும் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒட்டுகிறதே, போலி” என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. கத்திக்கு நியாயம் தலைகீழ். சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கக்கூடிய எஃகு காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டவே ஒட்டாத கத்தி இருந்தால் அது பாத்திரத் தகட்டில் வெட்டியது, வெண்ணெய் தடவலாம். திருவிழாக் கடையில் சாவிக்கொத்தோடு சேர்த்து விற்கிறார்களே, அதில் இந்த ரகம் நிறைய.

இனி அந்த ‘440 ஸ்டீல்’. தம்பி, 440 என்பது தனி ஒரு எஃகு இல்லை, ஒரு குடும்பம். 440ஏ என்பதில் கரி, அதாவது கார்பன், 0.60 முதல் 0.75 சதவீதம் வரை. 440சி என்பதில் 0.95 முதல் 1.20 வரை. கரி கூடக்கூடக் கடினம் ஏறும், கூர் நிற்கும். உண்மையில் ‘சி’ ரகம் போட்டவன் அந்த எழுத்தைக் கொட்டை எழுத்தில் போடாமல் இருப்பானா? எழுத்தை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் போட்டிருந்தால் நான் மலிவான ரகம் என்றே எடுத்துக்கொள்வேன். சில பொருள்களில் அந்த மலிவான ரகம்கூட இருக்காது, எண் அச்சில் மட்டும் இருக்கும். இன்னொன்று, பக்கத்தில் ‘7 அங்குலம்’ என்று போட்டிருப்பது பல நேரம் திறந்து நீட்டிய மொத்த நீளம். அலகின் நீளம் கீழே எங்கேயோ பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

ஆக 180க்கும் 650க்கும் நடுவில் இருக்கிற 470 ரூபாய் எஃகுக்கா, விளம்பரப் படத்துக்கா என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெயர் தெரியாத கத்தி என்றால் என் ஓட்டு கடைக்குத்தான். பத்துக் கத்தியை எடுத்து ஆட்டிப் பார்த்து அதில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். இணையத்தில் அவர்கள் பொறுக்கிப் போடுவதுதான் உங்களுக்கு வரும்.

இணையம் எப்போது சரி? குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் குறிப்பிட்ட ஒரு மாடல்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள், அது நம் பக்கம் கிடைக்கவில்லை என்றால் அப்போது சரி. விக்டோரினாக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1884இல் கார்ல் எல்செனர் சுவிட்சர்லாந்தில் ஆரம்பித்த பட்டறை, 1891 முதல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது, 1897இல் இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கத்தியின் முன்னோடியைப் பதிவு செய்தது. அவர்களிடம் ஒரே மாடலில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு, அதனால் கையில் பார்க்காமல் வாங்கலாம். ஆனால் போலி உண்டு. விற்பவர் பெயரைப் பாருங்கள், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரா என்று பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள். மூலப்பொருள் கோளாறுக்கும் தயாரிப்புக் கோளாறுக்கும் ஆயுட்கால உத்தரவாதம் தரும் கம்பெனி அது. போலிக்கு எவன் உத்தரவாதம் தருவான்?

ஒப்பினெல் என்று பிரான்ஸ் நாட்டுக் கத்தி ஒன்று இருக்கிறது, மரப்பிடி, 1890 முதல் வருகிறது. 8ஆம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர், மாம்பழம் நறுக்க அருமையாக இருக்கும். கழுத்தில் திருகுகிற வளையம்தான் லாக். ஐப்பசி அடைமழையில் அந்த மரப்பிடி ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும், கத்தியைத் திறக்க நகம் போய்விடும். வாங்குகிறவர்கள் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இணையத்தில் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நம்பி ஏமாற வேண்டாம். “சீக்கிரம் வந்தது, பேக்கிங் நன்றாக இருந்தது” என்றால் அது கூரியர் பையனுக்கான பாராட்டு. ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் படம் போட்டிருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள், மூட்டு தெரியும், துரு தெரியும். பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் செய்தது, விற்பவர் பெயர், முகவரி, திருப்பி எடுக்கும் நிபந்தனை இவற்றை இணையக் கடை காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. தகராறு வந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. 650 ரூபாய்க்கு யார் அலைவார்கள் என்று கேட்பீர்கள். கடைக்காரரிடம் என்றால் மறுநாள் போய் நின்றாலே போதும், அவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம். அந்த வசதியையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று நம் ஊரில் மட்டும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாமல் விட மனமில்லை. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகள். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த சாமான்கள், பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது அங்கே போய்ச் சேருகின்றன. பீங்கான் தட்டுக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவில் அபூர்வமாகப் பழைய பேனாக்கத்தி கிடைக்கும். அலகின் அடியில், மூட்டுக்குப் பக்கத்தில், முத்திரையைத் தேடுங்கள். ஷெஃபீல்டு என்றோ சோலிங்கன் என்றோ இருக்கலாம், முன்னது இங்கிலாந்திலும் பின்னது ஜெர்மனியிலும் கத்திக்குப் பேர் போன ஊர்கள். ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டீஸ் சிலுவையும் சேர்ந்திருந்தால் அது ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் அடையாளம், அந்தக் காலத்தில் பெரிய பெயர். முத்திரையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், பெயரைப் போலியாக வெட்டுவது அப்போதே உண்டு. ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா, அலகு தீட்டித் தீட்டிப் பாதியாகிவிட்டதா என்பதுதான் முக்கியம். தந்தப் பிடி என்று சொன்னால் தொடாதீர்கள், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மான்கொம்புப் பிடிக்கும் அதே எச்சரிக்கை. வேடிக்கை என்னவென்றால், ஷெஃபீல்டுக்காரர்கள் விரும்பிப் போட்டது நம் காட்டு மிளா மானின் கொம்பைத்தான். இங்கிருந்து கப்பலேறிப் போய், கத்தியாகத் திரும்பி வந்து, இப்போது இந்தத் தெருவில் கிடக்கிறது.

எதை வாங்கினாலும் துருவைக் கவனியுங்கள். குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் இருந்தால்தான் துருப்பிடிக்காத எஃகு என்ற கணக்கில் வரும். அதுகூடத் துருப்பிடிக்கவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. உப்பு மாங்காய் நறுக்கிவிட்டு அப்படியே மடக்கி வைத்தால் மூட்டுக்குள் பிடித்துவிடும். துருவை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1948இல் அடிக்கல் போட்டு 1953இல் திறந்தது, நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆராய்ச்சி உங்களுக்குத் தேவையில்லை. கழுவி, துணியால் துடைத்து, திறந்தபடியே உலரவிட்டு, மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். வாழைப்பால் பட்டால் உடனே கழுவுங்கள், இல்லாவிட்டால் கறை போகவே போகாது.

சாணை பிடிக்கக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சக்கரத்தில் அழுத்தித் தேய்த்து, கூரோரம் நீலம் பாரித்துவிட்டால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். சின்ன அலகுக்குச் சக்கரமே வேண்டாம். இரும்புக் கடையில் இரண்டு பக்கம் உள்ள தீட்டுக்கல் கிடைக்கும், தண்ணீர் விட்டு, கத்தியை ஏறக்குறைய 20 டிகிரி சாய்த்து, நிதானமாக இழுங்கள்.

கடைசியாகப் போலீஸ். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுத வரிசையில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றை அதிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். உங்கள் கத்தி மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். ஆனாலும் சட்டப் புத்தகம் வேறு, ராத்திரி பதினொரு மணிக்குச் சோதனைச் சாவடியில் நிற்பது வேறு. 2021 செப்டம்பரில் காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடிச் சோதனை நடத்தியபோது, அரிவாள் செய்பவர்கள் வாங்குவோரின் பெயர், முகவரி, போன் எண் எழுதிவைக்க வேண்டும் என்று சொன்னார்கள். கடையில் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கிற கத்தி வேண்டவே வேண்டாம், அதைக் காட்டி மாங்காய் நறுக்க என்று சொன்னால் எந்த ஏட்டையாவும் நம்பமாட்டார். கொல்லை வேலைக்கு எடுத்த கத்தியைக் கொல்லையிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்கோ கூட்டத்துக்கோ போங்கள். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டியில் போட்டு லக்கேஜாகக் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, நீங்கள் பார்த்த அந்த 180 ரூபாய்க் கத்தியை மறுபடி போய் ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆடினால் பக்கத்துக் கடைக்குப் போங்கள். அடுத்த கேள்வி பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் அனுப்பியது, அரிவாள்மனை பலகையில் ஆடுகிறதாம்.