படப்புக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் அறுப்பு முடிந்தால் வைக்கோல் படப்பு, அதாவது வைக்கோல்போர். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் என்றால் சோளத்தட்டைப் படப்பு. படப்பில் தீப்பிடித்தால், "எவனோ பீடியைப் போட்டுட்டுப் போயிட்டான்" என்பதுதான் முதலில் எழும் பேச்சு. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் படப்புக்குப் பின்பக்கம் கருகிய தீக்குச்சி நாலைந்து கிடந்தால், அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு சின்னப் பிள்ளையாக இருக்கலாம்.

பிள்ளை ஏன் அங்கே போனது? அடுப்படியில் கொளுத்தினால் அடி விழும். அதனால் மறைவிடம் தேடுகிறது. படப்பின் நிழல், கட்டிலுக்கு அடி, பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள சந்து, மாட்டுத் தொழுவின் மூலை. ஒளியத் தோதான இடங்களில்தான் வைக்கோலும் துணியும் பழைய தாளும் அடைந்து கிடக்கின்றன. அடிக்குப் பயந்த பிள்ளை தீ விளையாட்டை விடுவதில்லை. தீ சட்டென்று பற்றும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகிறது. பற்றிய பிறகும் அதே பயத்தால் யாரையும் கூப்பிடாமல் ஓடி ஒளிகிறது. ஒரு குடம் தண்ணீரில் அணைந்திருக்க வேண்டிய தீ, அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கைமீறிப் போகிறது.

மூன்று, நான்கு வயதில் இது வெறும் ஆர்வம். அம்மா விளக்கேற்றுகிறாள், அப்பா கொசுவத்தி கொளுத்துகிறார், நானும் செய்து பார்க்கிறேன் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதினால் அணைகிறது. எல்லா நெருப்பும் ஊதினால் அணையும் என்று பிள்ளை நம்புகிறது. வைக்கோலில் பிடித்ததை ஊதினால் இன்னும் பெரிதாகும் என்பது அதற்குத் தெரியாது. ஆறு வயதுக்கு மேல் ஒளிந்து சோதித்துப் பார்ப்பது தொடங்குகிறது. பத்து வயதைத் தாண்டினால் கூட்டாளிகளின் தூண்டுதலும், கைபேசியில் பார்த்த காட்சிகளும் சேர்ந்துகொள்கின்றன.

இனி, உங்கள் வீட்டில் எத்தனை தீப்பெட்டி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுப்புத் திட்டில் ஒன்று. சாமி மாடத்தில் சூடத்துக்குப் பக்கத்தில் ஒன்று. வெந்நீர் அடுப்படியில் ஒன்று. கரண்டு போனால் எடுக்க மெழுகுவர்த்தியோடு ஒன்று. ஜன்னல் கட்டையில் கொசுவத்தியோடு ஒன்று. ஆணியில் தொங்கும் சட்டைப் பையில் ஒரு லைட்டர். ஆறு இடத்தில் இருந்தால் ஒன்று காணாமல் போனது யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு ஒரே ஒரு பெட்டிதான் வெளியில் இருக்க வேண்டும். மிச்சமெல்லாம் இறுக்கமான மூடி போட்ட தகர டப்பாவில், பூட்டிய அலமாரிக்குள் இருக்கட்டும். உயரத்தில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிடும்.

"கடைக்குப் போயி ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வாடா" என்று பிள்ளையை அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டு ரூபாய்ப் பெட்டி வழியிலேயே திறக்கப்படும். பெட்டிக்கடைக்காரர்களும் சிறுபிள்ளைகள் கையில் தீப்பெட்டி, லைட்டர் தரக்கூடாது. ஊர்க்கூட்டத்தில் பேசினால் கேட்கக்கூடிய விஷயம்தான் இது.

சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் செய்யும் தீப்பெட்டியைப் பாதுகாப்புத் தீப்பெட்டி என்கிறோம். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் தனித்தனியே இருப்பதால், கண்ட இடத்தில் உரசினால் பற்றாது. அந்தப் பெயருக்கு அவ்வளவுதான் பொருள். பெட்டியும் குச்சியும் சேர்ந்தே பிள்ளை கைக்குப் போனால் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

லைட்டர் இன்னும் மோசம். பிஞ்சு விரலுக்கே சக்கரம் சுழலும். அமெரிக்காவில் 1994 முதல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எளிதில் பற்றவைக்க முடியாதபடி லைட்டர் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. பெட்டிக்கடையில் தொங்கும் மலிவு லைட்டரில் அப்படி ஒரு தடுப்பை எதிர்பார்க்க முடியாது. துப்பாக்கி, கார் உருவத்தில் வரும் லைட்டரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது? சின்னதற்கு ஒரே பாடம்: "தீப்பெட்டி கிடந்தா தொடாதே, வந்து சொல்லு." வந்து சொன்னால் பாராட்டுங்கள். எட்டு வயதுக்கு மேல் என்றால் எடுத்து வந்து பெரியவர் கையில் கொடுக்கலாம். கார்த்திகைக்கு அகல் அடுக்குவது, எண்ணெய் ஊற்றுவது, திரி போடுவது எல்லாம் பிள்ளைகள் வேலையாகட்டும்; ஏற்றுவது பெரியவர் கை. தீயைப் பார்க்கும் ஆசைக்கு வீட்டிலேயே வெளிச்சத்தில் இடம் கிடைத்தால் ஒளிந்து பார்க்கும் வேகம் குறையும். பாவாடை கட்டிய பிள்ளைகள் அகல் வரிசையைத் தாண்டி நடக்கும்படி வைக்காதீர்கள். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

"சூடு வச்சிருவேன்" என்று மிரட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கோபம் வந்தால் எடுக்கும் ஆயுதம் நெருப்பு என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். அதற்குப் பதிலாக ஒரு வாக்குக் கொடுங்கள்: "நீயே கொளுத்தியிருந்தாலும் ஓடி வந்து சொல்லு, அடிக்க மாட்டேன்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

தீபாவளி இரவைவிட மறுநாள் காலைதான் எனக்குக் கவலை. பெரியவர்கள் தூங்கும்போது, பிள்ளைகள் தெருவில் வெடிக்காத வெடிகளைப் பொறுக்குவார்கள். மருந்தைப் பிரித்துத் தாளில் கொட்டிப் பற்றவைப்பார்கள். திரி எரிந்து முடியும் வரை விலகி ஓட வெடியில் அவகாசம் உண்டு. கொட்டிய மருந்தில் அந்த அவகாசம் இல்லை, குனிந்த முகத்திலேயே சீறும். ஆகவே வெடித்து முடித்த அன்றைக்கு இரவே வாளியோடு ஒரு சுற்று நடந்து, வெடிக்காததை எல்லாம் பொறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பையும் தண்ணீருக்குள்ளேயே போடுங்கள். அந்தக் கம்பி காலைச் சுடும்.

மீறித் தீப்பிடித்துவிட்டால், பிள்ளை செய்ய வேண்டியது வெளியே ஓடுவது, கத்துவது. அணைக்கப் போகக்கூடாது. பிள்ளையைக் காணோம் என்றால், தீயணைப்பு வீரர்களிடம் அது ஒளிந்துகொள்ளும் இடங்களைச் சொல்லுங்கள்: கட்டிலடி, பீரோவுக்குள், பாய்ச் சுருளுக்குப் பின்னால். உடையில் பிடித்தால் ஓடக்கூடாது. நில், படு, முகத்தைப் பொத்திக்கொண்டு உருள். பாயை விரித்து இதை விளையாட்டாகவே பழக்கலாம். சுட்ட இடத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். வீங்குவதற்குள் வளையல், அரைஞாண் கயிற்றைக் கழற்றுங்கள். பற்பசை, பேனா மை, மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழையுங்கள். தீயணைப்புக்கு 101.

ஒருமுறை பேசிப் புரியவைத்த பிறகும் படுக்கை விரிப்பில் பொத்தல், தலையணைக்கு அடியில் குச்சி, உருக்கிய பிளாஸ்டிக் என்று தடயம் தொடர்ந்தால், அதைக் குறும்பு என்று விட்டுவிடக் கூடாது. வீட்டில் சண்டையா, பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா, ஒரு சாவு நடந்திருக்கிறதா என்று பாருங்கள். சொல்லத் தெரியாத வேதனையை நெருப்பில் காட்டும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவி தேவை. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம். பிள்ளையை யாராவது கொடுமைப்படுத்துவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. ஆலோசனைக்குப் போகும் முன், எப்போது, எங்கே, எதைக் கொளுத்தியது, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வணக்கம்.