விசிட்டிங் கார்டும் 78 மில்லிமீட்டரும்: மடில்டா டாங்கியை மேசையில் கட்டுவோம்

[திரையில்: வெட்டுப்பாய் விரித்த மேசை. இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன.]

வணக்கம். என் இடது கையில் இருப்பது ஒரு விசிட்டிங் கார்டு. வலது கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் தகடு. தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இரண்டின் ஓரத்தையும் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் படையிடம் இருந்த இரண்டு டாங்கிகளின் கவசம் இது. 35-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் இவ்வளவுதான் வரும். ஏ9 க்ரூஸர் டாங்கியின் அதிகபட்சக் கவசம் 14 மி.மீ. சுருக்கினால் 0.4 மி.மீ., அதாவது இந்தக் கார்டு. மடில்டா டாங்கியின் முன்பக்கக் கவசம் 78 மி.மீ. சுருக்கினால் 2.2 மி.மீ., இதோ இந்தத் தகடு.

ஒரே ராணுவம், ஒரே காலம். பீரங்கியும் ஒன்றேதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? இதைப் புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் இரண்டு கிட்களை, அதாவது பாகம் பாகமாக வரும் மாடல் பெட்டிகளை, அடுத்தடுத்துக் கட்டிய பிறகுதான் எனக்கு அது உண்மையில் புரிந்தது. அதனால் இந்த வீடியோவில் கதையையும் கட்டுமானத்தையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

[திரையில்: ஏ9, மடில்டா இரண்டு மாடல்களும் பக்கத்தில் பக்கத்தில்.]

1930-களில் பிரிட்டிஷ் தளபதிகள் டாங்கிகளை இரண்டு சாதியாகப் பிரித்தார்கள். காலாட்படையோடு கூடவே நடந்து போய், எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை நசுக்குவது ஒன்று. மனிதன் நடக்கிற வேகம் போதும், ஆனால் எந்தக் குண்டும் துளைக்கக் கூடாது. இதுதான் இன்ஃபென்ட்ரி டாங்கி. முன்னணி உடைந்ததும் அந்த இடைவெளியில் பாய்ந்து, பழைய குதிரைப்படைபோல் எதிரியின் பின்புறத்தில் ஓடித் திரிவது இன்னொன்று. அதற்கு வேகம்தான் முக்கியம். இதுதான் க்ரூஸர்.

மடில்டா சாலையில் மணிக்குச் சுமார் 24 கி.மீ. போகும். ஏ13 க்ரூஸர் ஏறக்குறைய 48 கி.மீ. எடை கூடினால் வேகம் போகும், வேகம் வேண்டுமென்றால் கவசம் போகும். இரண்டையும் தாங்கும் எஞ்சின் கையில் இல்லாதபோது, இரண்டு டாங்கியாகக் கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். என் கருத்தில் அது தவறான முடிவு. ஆனாலும் அன்றைய பட்ஜெட்டை நினைத்துப் பார்த்தால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

பட்ஜெட் என்றால் எப்படி? முதல் மடில்டாவைப் பாருங்கள், ஏ11. (நான் 78 மி.மீ. என்று சொன்னது அதற்குப் பின் வந்த இரண்டாம் மடில்டா.) விக்கர்ஸ் நிறுவனத்தில் சர் ஜான் கார்டன் வடிவமைத்தது. மலிவாக இருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. இரண்டே ஆட்கள், ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கி, பீரங்கியே கிடையாது. கவசம் மட்டும் 60 மி.மீ. கார்டன் 1935 டிசம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார். ஏ9-ம் அவர் கை பட்டதுதான். ஒரே மனிதர் ஒரு பக்கம் தடித்த தோலுள்ள ஆமையையும், இன்னொரு பக்கம் மெல்லிய தோலுள்ள ஓட்டக்காரனையும் வரைந்திருக்கிறார்.

ஏ13-ன் கதை தனி. 1936-ல் சோவியத் ராணுவப் பயிற்சியைப் பார்க்கப் போன மார்டெல் என்ற அதிகாரி, அங்கே ஓடிய பி.டி. டாங்கிகளைப் பார்த்து அசந்துபோனார். அவற்றின் மூலம் வால்டர் கிறிஸ்டி என்ற அமெரிக்கரின் வடிவமைப்பு. கிறிஸ்டியின் டாங்கி ஒன்றை இங்கிலாந்துக்கு வரவழைத்து, அதிலிருந்து பிறந்ததுதான் ஏ13. அதனால்தான் அந்த மாடலில் பக்கத்துக்கு நான்கே நான்கு பெரிய சக்கரங்கள். கட்டுகிறவருக்கு அது பெரிய நிம்மதி.

[திரையில்: நான்கு வெவ்வேறு அளவு மாடல்கள்.]

சரி, அளவுக்கு வருவோம். கடையில் 1/76, 1/72, 1/48, 1/35 என்று போட்டிருப்பார்கள். 1/76 பிரிட்டனின் பொம்மை ரயில் உலகத்திலிருந்து வந்தது. ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கு. ஏர்ஃபிக்ஸ் அந்த அளவில் டாங்கிகளை வெளியிட்டதால் ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது. 1/35 வந்த கதை இன்னும் சுவையானது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி கிட் ஒன்றைச் செய்தது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும், அதற்கு ஏற்ற அளவு 1/35 ஆக அமைந்தது. அந்தப் பேட்டரிகளால்தான் இன்று உலகம் முழுக்க டாங்கி மாடல்கள் 1/35-ல் வருகின்றன.

மடில்டாவின் நீளம் 5.6 மீட்டர். 1/35-ல் 16 செ.மீ. வரும், 1/76-ல் ஏழரை செ.மீ.கூட வராது. முதல்முறை கட்டுகிறவருக்கு நான் 1/48 சொல்வேன். கைக்கு அடக்கம், கண்ணுக்கும் தெரியும்.

எந்த கிட்? மடில்டாவுக்கு 1/35-ல் தமியா 2009-ல் புதிய அச்சில் வெளியிட்ட மார்க் 3/4, அதாவது இரண்டாம் மடில்டாவின் பிந்தைய வகை, இருக்கிறது. 1970-களில் அவர்களே போட்ட பழைய மடில்டாவும் இன்னும் சில இடங்களில் கிடைக்கும். பெட்டியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு. தமியாவிடம் 1/48-லும் மடில்டா உண்டு. வாலன்டைன் என்ற இன்னோர் இன்ஃபென்ட்ரி டாங்கி வேண்டுமென்றால் ஏ.எஃப்.வி. கிளப், தமியா. ஏ13-க்கு பிராங்கோ. ஏ9, ஏ10-க்கு கெக்கோ. க்ரூஸேடர் என்ற க்ரூஸர் டாங்கிக்கு இத்தாலெரியின் பழைய கிட். பிராங்கோ, கெக்கோ மாதிரியான கிட்களில் பாகங்கள் மிக நுணுக்கமாக இருக்கும். பொறுமை நிறைய வேண்டும், அதனால் முதல் கிட்டாக அவற்றை எடுக்க வேண்டாம்.

[திரையில்: மடில்டாவின் பக்கவாட்டுக் கவசம், மிக நெருக்கத்தில்.]

இப்போது கட்டுமானம். மடில்டாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், இந்தப் பக்கவாட்டுக் கவசம். சக்கரங்களை முழுக்க மூடிய ஒரு கனத்த சுவர். மேல்பகுதியில் வரிசையாகச் சதுரத் திறப்புகள் தெரிகின்றனவா? அவை அலங்காரம் இல்லை. சங்கிலிப் பட்டை மேலே திரும்பி வரும்போது அள்ளிக்கொண்டு வரும் சேறு வெளியே சரிந்து விழ வேண்டும். அதற்கான வழி அது. நம் ஊர் மாடியில் மழைநீர் விழப் போடும் தூம்புபோல. திறப்பின் உள்ளே ஒரு சாய்தளம் இருக்கும். கிட்டில் அது தனிப் பாகம். அதைச் சாய்வு மாறி ஒட்டிவிட்டால் சேறு உள்ளேயே விழும். பலர் அவசரத்தில் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இந்தச் சுவரை ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் சக்கரங்களுக்கும் சங்கிலிக்கும் வண்ணம் அடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு தூரிகை நுழையாது. எல்லாச் சக்கரத்துக்கும் மெனக்கெட வேண்டாம். வெளியே தெரியும் கீழ்ப்பகுதிக்கு மட்டும் கவனம் கொடுத்தால் போதும்.

அடுத்து மேற்பரப்பு. மடில்டாவின் மூக்கும் சுழல் கோபுரமும் வார்ப்பு உருக்கு. மணல் அச்சில் உருக்கை ஊற்றி எடுத்ததால் அது கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்காது, ஆரஞ்சுத் தோல்போல் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். கிட்டில் அது போதாது என்று பட்டால், மெல்லிய மாடல் பசையைக் கோபுரத்தில் தடவி, அது இளகியிருக்கும்போதே ஒரு பழைய கட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி எடுங்கள். ஒரு நாள் காயவிட்டு, நைசான உப்புத்தாளால் ஒருமுறை மட்டும் தேயுங்கள். உருட்டித் தட்டிய தகடுகள் இருக்கும் இடங்களில் இதைச் செய்யக் கூடாது.

ஏ9 மாதிரி க்ரூஸரில் பிரச்சினை நேர்மாறானது. அங்கே எல்லாமே மெல்லிசு. கிட்டின் பிளாஸ்டிக் பெரும்பாலும் 1 மி.மீ. சுற்றி இருக்கும். அதைப் பெருக்கிப் பார்த்தால் 35 மி.மீ. உருக்கு! உண்மையான கவசத்தைவிட மாடலின் தோல் இரண்டு மடங்குக்கு மேல் தடிமன். அதனால் சக்கரத்துக்கு மேலே உள்ள மட்கார்டின் ஓரத்தை உள்பக்கமாகக் கத்தியால் சரித்துச் சீவுங்கள். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஓரம் மட்டும்தான் தெரியும், அது மெலிந்தால் தகடு முழுவதுமே மெலிந்துவிடும். ஏ9-ன் முன்னால் டிரைவரின் இரண்டு பக்கமும் குட்டி இயந்திரத் துப்பாக்கிக் கோபுரங்கள் உள்ளன. அதற்குள் ஒரு மனிதப் பொம்மையை வைத்துப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. உள்ளே உட்கார்ந்தவருக்கும் வெளியிலிருந்து வரும் குண்டுக்கும் நடுவில் இந்த விசிட்டிங் கார்டுதான் இருந்திருக்கிறது.

பீரங்கிக் குழலையும் மறக்க வேண்டாம். இரண்டிலும் 2-பவுண்டர், 40 மி.மீ. வாய். 1/35-ல் 1.1 மி.மீ. கைத்துளைப்பானில் 1 மி.மீ. ஊசி போட்டு, நடுவில் ஒரு புள்ளி குத்தி, நிதானமாகச் சுற்றினால் போதும். அந்தச் சின்ன வாய்க்குப் பெரிய விலை கொடுத்தார்கள். டாங்கி வீரர்களுக்குக் கவசம் துளைக்கும் குண்டு மட்டுமே கொடுக்கப்பட்டது, வெடிகுண்டு இல்லை. தூரத்தில் ஒளிந்திருக்கும் பீரங்கிக்காரர்களை அடிக்க அது உதவவில்லை.

[திரையில்: பிரான்ஸ் வரைபடம், பின்பு எகிப்து வரைபடம்.]

1940 மே 21, பிரான்ஸில் அராஸ். 4-வது, 7-வது ராயல் டாங்க் ரெஜிமென்ட்கள் முதல் வகை மடில்டாக்கள் 58-ஐயும் இரண்டாம் வகை மடில்டாக்கள் 16-ஐயும் கொண்டு ஜெர்மன் தளபதி ரோமலின் 7-வது பன்ஸர் (டாங்கி) டிவிஷனைத் தாக்கின. ஜெர்மானியரின் 37 மி.மீ. குண்டுகள் பட்டுத் தெறித்தன. கடைசியில் கள பீரங்கிகளும், விமானத்தைச் சுட வைத்திருந்த 88 மி.மீ. பீரங்கிகளும்தான் அவற்றை நிறுத்தின.

அராஸ் டாங்கியைக் கட்ட விரும்பினால் ஓர் எச்சரிக்கை. தமியாவின் மார்க் 3/4-ஐ அப்படியே கட்டி அராஸ் என்று சொல்ல முடியாது. அங்கே போனவற்றில் நீரால் குளிரும் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி, அதன்மேல் தடித்த கவச உறை. பின்னால் அகழி தாண்ட ஒரு வால். கிட்டில் இருப்பது பிற்காலத்தில் வந்த பெஸா இயந்திரத் துப்பாக்கி.

அதே கிட்டுக்கு நெருக்கமான இடம் வட ஆப்பிரிக்கப் பாலைவனம். 1940 டிசம்பர் 9 காலை, எகிப்தில் நிபெய்வா முகாம். 7-வது ரெஜிமென்ட்டின் மடில்டாக்கள் புகுந்தபோது இத்தாலிய பீரங்கிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டாங்கிகளோடு போன காலாட்படை, 4-வது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷனின் பொறியாளர் பிரிவுகளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்றும் உண்டு, ராணுவத்தில் இன்றும் ‘தம்பி’ என்று அழைக்கப்படுபவர்கள். மடில்டாவின் பக்கத்தில் பொம்மை வீரர்களை நிறுத்தும்போது எல்லோரையும் வெள்ளைக்காரர்களாகவே வண்ணம் அடிக்காதீர்கள்.

[திரையில்: மூன்று வண்ணக் கிண்ணங்கள்.]

இப்போது வண்ணம். இங்கே நானே ஒரு மாடலைக் கெடுத்திருக்கிறேன். பாலைவன மடில்டாக்களில் சாய்வான நேர்க்கோட்டுப் பட்டைகள் பார்த்திருப்பீர்கள். பிரிகேடியர் கான்டர் பெயரால் அதைக் கான்டர் முறை என்பார்கள். பட்டைகளில் ஒன்று வெளிர் நீலம் என்று பல வருடங்களாகப் பெட்டிப் படங்களிலும் அருங்காட்சியக டாங்கிகளிலும் காட்டப்பட்டது. நானும் நம்பி, அழகான வான நீலம் அடித்தேன். பிறகு பழைய உத்தரவுகளை ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்தேன். அது நீலமே இல்லை. பிரிட்டிஷ் தர வண்ண அட்டையில் எண் 28, சில்வர் கிரே. பெயர் வெள்ளிச் சாம்பல் என்றாலும் பச்சை கலந்த சாம்பல் அது. மற்ற இரண்டு, எண் 64 போர்ட்லாண்ட் ஸ்டோன், வெளிர் சந்தன நிறம். எண் 34 ஸ்லேட், கரும்பச்சைச் சாம்பல்.

இரண்டு நாள் வேலையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். மறுபடி அடித்து வெயிலில் வைத்துப் பார்த்தபோது, அந்தப் பட்டைகள் முதன்முறையாக வேலை செய்தன. நீலம் துள்ளிக்கொண்டு தெரிந்தது. பச்சைச் சாம்பலோ மங்கி, டாங்கியின் உருவத்தையே உடைத்தது. அதற்காகத்தானே அந்த முறையைக் கண்டுபிடித்தார்கள்!

முதலில் சந்தன நிறத்தை முழுக்க அடியுங்கள். காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பால் கோடு பிடித்து சாம்பல், கடைசியில் ஸ்லேட். ஓரம் கூர்மையாக நிற்க வேண்டும், பனிபோல் கலையக் கூடாது. பிரான்ஸ் டாங்கி என்றால் இதெல்லாம் வேண்டாம், காக்கிப் பச்சையும் அதன்மேல் கரும்பச்சைப் பட்டைகளும் போதும்.

டீக்கல், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படம், ஒட்டும்போது டாங்கியின் பெயரைக் கவனியுங்கள். 7-வது ரெஜிமென்ட் டாங்கிகளின் பெயர் ‘ஜி’ எழுத்தில் தொடங்கும், ஆங்கிலத்தில் ஏழாவது எழுத்து. 4-வதுக்கு ‘டி’.

[திரையில்: உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டி ஏ11.]

4-வது ரெஜிமென்ட்டுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. முதல் உலகப் போரில் மலாயாவின் வணிகர் யூ டோங் சென் ஒரு டாங்கிக்குப் பணம் கொடுத்தார். சீனப் படகுகளுக்கு வரைவதுபோல அதற்குக் கண் வரைந்தார்கள். அந்தக் கண் பிறகு 4-வது ரெஜிமென்ட்டுக்கு வந்து சேர்ந்தது. 1940-ல் பிரான்ஸுக்குப் போன அவர்களுடைய முதல் மடில்டாக்களின் கோபுரத்திலும் அது இருந்தது.

இந்த 1/76 ரெசின் கிட்டில் அந்தக் கண் ஓர் அரிசியைவிடச் சிறியது. டீக்கல் இல்லை, கையால்தான் வரைய வேண்டும். முதலில் வெள்ளையில் ஒரு பாதாம் வடிவம். காய்ந்ததும் தூரிகையின் ஒற்றை மயிரால் கறுப்பு விளிம்பு. மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், நடுவில் கருவிழி. இதோ, வைத்துவிட்டேன்.