தக்காளி மார்க்கெட்ல கேட்ட 'பிக்கப்'

வணக்கங்க. பின்னாடி சத்தம் கேக்குதுங்களா? பாலக்கோடு தக்காளி மார்க்கெட்ல நிக்கிறேன். வீட்ல உக்காந்து பேசலாம்னுதான் இருந்தேன். இங்க ஒரு அண்ணன், "ரேட்டு இப்பத்தான் பிக்கப் ஆவுது"ன்னாரு. உடனே போனை ஆன் பண்ணிட்டேன்.

அவர் சொன்ன அர்த்தம் அச்சு அசலா இங்கிலீஷ்ல இருக்குதுங்க. 'சேல்ஸ் ஹேவ் பிக்ட் அப்'னா, படுத்துக் கிடந்த யாவாரம் எந்திரிச்சிடுச்சுன்னு அர்த்தம். நாம 'ஆவுது'ன்னு ஒன்னு சேக்கறோம். அங்க 'பிக் அப்'பே வினை, அது போதும்.

நம்ம 'எடு'வை நெனச்சுக்கோங்க, பாதி வேலை முடிஞ்சுது. கீழ விழுந்த பேனாவை எடு. போனை எடு. தொப்பூர் எறக்கத்துல லாரி வேகம் எடுக்குது. மூணுக்கும் பிக் அப்தான். போனுக்கு 'ஷி டிட்ன்ட் பிக் அப்'னாலே போதும், போன்னு தனியா சொல்ல வேணாம்.

'எடு' கைகொடுக்காத எடம் ஒன்னு இருக்கு. அதுலதான் நான் மாட்டுனேன். ஓசூர்ல ஒரு கம்பெனி இன்டர்வியூ. 'வேர் டிட் யூ பிக் அப் கன்னடா?'ன்னு கேட்டாங்க. கன்னடத்தை எங்க இருந்து எடுக்கறது? தமிழ் மீடியத்துல படிச்ச எனக்கு ஒன்னும் வெளங்கல, பேசாம நின்னுட்டேன். கிளாசுக்குப் போகாம, பழக்கத்துல காதுல விழுந்தே கத்துக்கறதுக்கும் பிக் அப்னு பேருங்க. ஓசூர்ல நெறையப் பேர் கன்னடமும் தெலுங்கும் கத்துக்கிட்டது அப்படித்தானே! பதில் எனக்குத் தெரியும், கேள்விதான் புரியல. அது இன்னைக்கும் மனசுல உறுத்துது. உங்க புள்ளைங்களுக்கு அப்படி ஆகக் கூடாதுங்க.

பஸ் ஸ்டாண்டுல போய்க் கூட்டிட்டு வர்றதுக்கும் இதேதான். ஆனா 'பிக் அப் ஹிம்'னு சொல்லாதீங்க. ஹிம், ஹெர், இட், தெம் வந்தா நடுவுலதான் நிக்கும்: 'பிக் ஹிம் அப்'. ஆள் பேரோ 'மை பிரதர்'னோ வந்தா நடுவுலயும் வைக்கலாம், கடைசிலயும் வைக்கலாம்.

இன்னொன்னு. இதோ பெட்டி ஏத்துறாங்களே, அந்தப் பிக்கப் வண்டி. அது பெயர்ச்சொல். சேத்து எழுதணும், 'பிக்'ல அழுத்தணும். வினையா வந்தா பிரிச்சு எழுதணும், அழுத்தம் 'அப்'புக்குப் போயிடும். சொல்லிப் பாருங்க, வித்தியாசம் காதுக்கே தெரியும்.

லோடு ஏத்தி முடிச்சிட்டாங்க, வண்டிக்கு வழி விடணும். வரேங்க.