பண்டிகைக்கு நாய்க்குட்டி பரிசா? முதலில் வளர்க்கப் போகிறவரிடம் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பண்டிகை நெருங்கினால் கால்நடை மருத்துவர்களுக்கு ஒரே மாதிரியான போன் வர ஆரம்பிக்கும். "டாக்டர், ஒருத்தருக்கு நாய்க்குட்டி பரிசு கொடுக்கலாம்னு இருக்கோம், எந்த இனம் நல்லா இருக்கும்?" கேட்பவர் குரலிலேயே அந்தக் குதூகலம் தெரியும், அதைக் கெடுக்க மனசு வராது. ஆனாலும் இனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டுவிடுவேன்: தினமும் அந்தக் குட்டியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், அவரிடம் பேசிவிட்டீர்களா? பெரும்பாலும் வரும் பதில், "இல்லை டாக்டர், அது சர்ப்ரைஸ்."

அந்த சர்ப்ரைஸைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்லப்பிராணியைப் பரிசாகக் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் இப்போது டாக்ஸ் டிரஸ்ட் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, நாய் என்பது ஆயுள் முழுவதற்குமானது, கிறிஸ்துமஸுக்கு மட்டுமானது அல்ல என்ற வாசகத்தை 1978-லேயே கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரப்பியது. நல்ல வாசகம்தான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு, பரிசாக வந்த பிராணி என்றாலே கொஞ்ச நாளில் தெருவுக்கு வந்துவிடும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. நாயையோ பூனையையோ பரிசாகப் பெற்றவர்களில் 96 சதவீதம் பேர், பரிசாக வந்ததால் பாசம் கூடியது, இல்லையென்றால் அதனால் எந்த வித்தியாசமும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்து வாங்கிக்கொண்டவர்களுக்கும் திடீரென்று கையில் கிடைத்தவர்களுக்கும் இடையில்கூட அந்தப் பாசத்தில் வேறுபாடு தெரியவில்லை.

இதை நான் முழுசாக நம்புகிறேன், ஏனென்றால் வளர்க்க முடியாமல் பிராணியைத் திருப்பிக் கொடுக்க வருபவர்கள் கண் கலங்கித்தான் வருகிறார்கள். அவர்களுக்குப் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. வாடகை வீட்டில் பிராணி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, அல்லது வீட்டில் இருக்கும் இருவருமே காலையில் கிளம்பி இரவில்தான் திரும்புகிறார்கள், அல்லது முட்டி வலியோடு மாடி ஏறி இறங்க முடியாத பெரியவர் தலையில் துறுதுறுவென்ற ஒரு குட்டியைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். பாசம் தானாக வந்துவிடும். நேரமும் இடமும் அப்படித் தானாக வந்துவிடாது, அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்.

ஒவ்வாமையையும் கேட்க வேண்டும். பூனை ஒத்துக்கொள்ளாமல் போவதற்குப் பலரும் அதன் முடிதான் காரணம் என்று நினைக்கிறார்கள். அதன் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம்தான் உண்மையான காரணம். பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது அது முடியில் ஒட்டி, அங்கிருந்து சோபா, திரைச்சீலை, மெத்தை என்று வீடு முழுக்கப் பரவும், பூனை போன பிறகும் மாதக்கணக்கில் அங்கேயே தங்கியிருக்கும். பூனை வளர்க்கும் நண்பர் வீட்டுக்கு நாலைந்து தடவை போய் உட்கார்ந்து பார்த்தாலே தும்மல் வருகிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். பரிசு ரகசியமாக இருந்தால் இந்தச் சின்னச் சோதனையைக்கூடச் செய்ய வழியில்லை.

அப்புறம் ஆயுசு. நாய் பொதுவாகப் பத்திலிருந்து பதின்மூன்று வருடம், சின்ன இனங்கள் அதற்கு மேலும் இருக்கும். வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்தைத் தாண்டுவது சாதாரணம். இன்று பத்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் பூனைக்குட்டி, அந்தப் பிள்ளை படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் அதே வீட்டில் உங்கள் காலைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே குழந்தைக்கு என்று வாங்கும் பிராணி உண்மையில் அம்மா அப்பாவுக்கு வாங்கும் பிராணி. பெற்றவர்களே யோசித்து, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று முடிவெடுத்து வாங்கினால் நல்லது. சித்தப்பாவோ மாமாவோ ஆசையில் வாங்கி வந்து நடுக்கூடத்தில் இறக்கினால், குழந்தை துள்ளிக் குதிக்கும், அம்மா முகம் மாறும். குழந்தையின் முன்னால் அவரால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

சின்னப் பிராணி என்றால் சிரமம் இல்லை என்ற நினைப்பும் இருக்கிறது. வெள்ளெலி இரண்டு மூன்று வருடம்தான் வாழும், சரி. ஆனால் அது இரவில் விழித்திருக்கும் பிராணி, பகலில் தூங்குவதைக் குழந்தை எழுப்பித் தூக்கினால் கடித்துவிடும். முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாலே அதன் குடல் இயக்கம் நின்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். தங்கமீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஒழுங்கான தொட்டி கிடைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் அது. அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சைத் தீங்கு குறைந்ததாக மாற்றுகிற நுண்ணுயிர்கள் ஃபில்டரில் வளர்வதற்கே சில வாரம் ஆகும். அதனால் தொட்டியை முதலில் கொடுங்கள், மீன் அப்புறம் வரட்டும்.

இப்போது அந்தப் பண்டிகை நாளுக்கு வருகிறேன். ஒரு குட்டி புது வீட்டுக்கு வருவதற்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. எட்டு வாரக் குட்டியை நினைத்துப் பாருங்கள். அன்று காலைவரை தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக்கொண்டு தூங்கியது. இப்போது ஓட்டை போட்ட ஒரு பெட்டி, வண்டிச் சத்தம், பிறகு பெட்டி திறந்ததும் பத்து முகங்கள், போன் வெளிச்சம், கை மாற்றிக் கை மாற்றித் தூக்கல். காது பின்னால் மடங்கியிருக்கும், வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும், திரும்பத் திரும்பக் கொட்டாவி விடும், உதட்டை நக்கிக்கொள்ளும். "பாவம், தூக்கம் வந்திடுச்சு" என்பார்கள். அது பயத்தின் அறிகுறி. பூனைக்குட்டியாக இருந்தால் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் போய்ப் பதுங்கி, விருந்தாளிகள் கிளம்பும்வரை தண்ணீர்கூடக் குடிக்காது.

அந்த நாளில் வாசல் கதவு திறந்தபடி இருக்கும், தரையில் சாக்லேட், திராட்சை, வெங்காயம் போட்ட பலகாரம் என்று என்னவெல்லாமோ சிந்திக் கிடக்கும், இவை எல்லாமே நாய்க்கு ஆகாதவை. எனக்கு இவற்றைவிடப் பெரிய பயம் பரிசுப் பொட்டலத்தில் கட்டும் ரிப்பனும் ஜிகினா நூலும்தான். பூனையின் நாக்கில் பின்பக்கம் பார்த்து வளைந்த சின்னச் சின்ன முட்கள் உண்டு, நூல் அதில் மாட்டினால் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ள, மறு முனை குடலுக்குள் இறங்கும். குடல் அதை வெளியே தள்ளப் பார்க்கும்போது, நாடாவை இழுத்த பையின் வாய் மாதிரி அப்படியே சுருங்கி மடிப்பு மடிப்பாகிவிடும், நூல் குடல் சுவரை அறுக்க ஆரம்பிக்கும். அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பண்டிகை அவசரத்தில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. கேட்பவர்கள் கூடுவதால் ஆறு வாரம், ஐந்து வாரம் ஆன குட்டிகளையே தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். குறைந்தது எட்டு வாரமாவது அது தாயோடு இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்ற குட்டிக்கு வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்வது அங்கேதான். தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். முதல் ஊசி ஆறிலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறாவது வாரம்வரை போக வேண்டும், ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தை ஒட்டி வரும். நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடம்புக்குள் போய் வாந்தியும் ரத்தப்போக்கும் தொடங்கப் பெரும்பாலும் ஒரு வாரம்வரை ஆகும். விற்கும் நாளில் குட்டி விளையாடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் வைத்து அதற்கு நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

அப்படியானால் எப்படித்தான் கொடுப்பது? பண்டிகையன்று ஒரு கழுத்துப்பட்டை, ஒரு சாப்பாட்டுக் கிண்ணம், கூடவே "பத்து நாள் கழித்து, வீடு அமைதியான பிறகு, நாம் சேர்ந்து போய்த் தேர்ந்தெடுக்கலாம்" என்று உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு. குழந்தைக்குத் திறந்து பார்க்கப் பொட்டலமும் கிடைத்துவிட்டது, பெரியவர்களுக்கு யோசிக்க நேரமும் கிடைத்துவிட்டது. தேர்ந்தெடுப்பவர் வளர்க்கப் போகிறவராகவே இருக்கட்டும். காப்பகங்களுக்கும் கூட்டிப் போங்கள். குணம் தெரிந்த, அமைதியான, வளர்ந்த நாய்கள் அங்கே இருக்கின்றன, வயதானவர்களுக்கு ஓடியாடும் குட்டியைவிட அவை எவ்வளவோ பொருத்தம். சில காப்பகங்களில் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்து முடிவு செய்யவும் அனுமதிப்பார்கள். வசதி இருந்தால் முதல் வருடத்துத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை சிகிச்சை ஆகியவற்றின் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், அதிகச் செலவு பிடிக்கிற வருடங்களில் அதுவும் ஒன்று.

ஏற்கெனவே ரகசியமாகக் கொடுத்துவிட்டவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இன்றே அவருக்குப் போன் போட்டு, "முடியவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் நல்ல இடம் பார்க்கிறேன், உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்காது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வாங்கிக்கொண்டவர்களும் கொடுத்தவர் மனம் நோகுமே என்று மாதக்கணக்கில் குட்டியைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டாம். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம்வரைதான் நாய்க்குட்டி மனிதர்களையும் சத்தங்களையும் புது இடங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம். அது கழிவதற்குள் சொல்லிவிட்டால் அந்தக் குட்டி இன்னொரு வீட்டில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

நன்றி, வணக்கம்.